இரண்டு கோடு முந்தி

புதுவயல் அரிசி ஆலைக்காரர்களுக்கு நவநீதகிருஷ்ணன் மேல் ஒரே ஒரு மனக்குறைதான். மில்லுக்கு வேண்டிய இரும்புச் சாமானைக் கடைந்து முடித்த பிறகும் மனிதர் அதைச் சட்டென்று கொடுத்துவிட மாட்டார். வாங்க வந்தவனை நிற்க வைத்து, அவன் கண் முன்னால் இன்னொரு தரம் அளந்து, அளவை வாய்விட்டுச் சொல்லி, அவன் தலையாட்டிய பிறகுதான் பிடியை விடுவார். அங்கே மில் நின்று கிடக்கும். வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஆனால் அப்படி வாங்கிப்போன பொருள் பொருந்தவில்லை என்று திரும்பி வந்ததாக எட்டு வருஷத்தில் ஒரு பேச்சுக் கிடையாது. இந்தத் தை மாதம்தான் அந்தப் பேச்சு வந்தது.

அவருக்கு வயது அறுபத்தாறு. தச்சு வேலைக் குடும்பம். அப்பாவுக்கு மரம், இவருக்கு இரும்பு. ஐ.டி.ஐ. முடித்துத் திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் மில்லிங் மிஷின் ஓட்டினார். ஓய்வு பெற்றதும் மற்றவர்களைப் போல வீட்டுக்கு மாடி எடுக்காமல், கோயம்புத்தூரில் ஏலத்துக்கு வந்த பழைய மில்லிங் மிஷின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு அதில் நிறுத்தினார். "முப்பது வருசம் அதோட நின்னது பத்தலையா?" என்று கேட்டுவிட்டு மனைவி மீனம்மாள் ஒரு வாரம் பேசவில்லை.

மிஷினில் மாயம் ஒன்றும் இல்லை. மேலே கத்தி சுற்றும். கீழே மேசையில் இரும்பைக் கட்டி வைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேசை நகரும். சக்கரத்தின் கழுத்தில் ஒரு டயல். அதில் முடி கனத்தில் இருநூற்றைம்பது கோடுகள். ஒரு கோடு நகர்ந்தால் மேசை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்க்கத் தெரிந்தவன்தான் மில்லிங்காரன். தெரிந்தால் மட்டும் போதாது, பார்க்கவும் முடிய வேண்டும்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் சர்க்கரை வியாதி கண்ணுக்கு வந்தது. மதுரைக்குப் போய் லேசர் வைத்துக்கொண்டார். ஆள் தெரிந்தது, பஸ்ஸில் ஊர்ப்பெயர் தெரிந்தது, டயலில் கோடு மட்டும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், சாம்பல் பூசிய ஒரு வளையம்தான் தெரிந்தது. மிஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு நான்கு நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் காலையில் மீனம்மாள் ஷெட்டுக்குப் போய்ச் சாக்கை எடுத்து உதறி மடித்து வைத்தாள்.

"எந்திரிச்சு வாங்க. நீங்க சுத்துங்க, கோட்ட நான் பாத்துச் சொல்றேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"எண்ணத் தெரியும்."

அவள் படித்தது எட்டாவது. ஆனால் நாற்பது வருஷம் அரிசியில் கல் பார்த்த கண். ஒரு மர ஸ்டூலைப் போட்டு டயலுக்கு நேராக உட்கார்ந்துகொள்வாள். முழுச் சுற்றுகளை விரல் மடக்கி எண்ணுவாள். கடைசிச் சுற்றில் குரல் இறங்கும். "அம்பது இருக்கு... இருபது... பத்து... அஞ்சு... போதும்." அந்தப் 'போதும்' காதில் விழுந்ததும் அவர் குனிந்து பூட்டைத் திருகி மேசையை அசையாமல் நிறுத்துவார். கத்தி இறங்கும். துளை போட்டு முடித்ததும் அவளே டிஜிட்டல் வெர்னியரை வைத்து அளந்து சொல்வாள். கேட்டது அறுபது மில்லி என்றால் அறுபதுதான் இருக்கும்.

இப்படி ஐந்து வருஷம். பால்காரன் விஷயம், மகள் கல்யாணம், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்று அந்த வீட்டின் பேச்சு வார்த்தையெல்லாம் ஷெட்டுக்குள்ளேதான் நடந்தது. கல்யாணமாகி முதல் முப்பது வருஷம் ஷிப்டு ஷிப்டு என்று ஓடியவர் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேசியதே இந்த ஐந்து வருஷத்தில்தான். கண் கெட்டதில் கிடைத்த லாபம் என்று அவரே ஒரு முறை சொல்லி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு மகள் சண்முகப்ரியா சென்னையில் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால் தாய் கிளம்பி அங்கே போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. ஜனனி பிறந்தாள், முகம் பார்த்துச் சிரித்தாள், குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். ப்ரியாவுக்கு லீவு முடிந்து ஆபீஸ் கூப்பிட்டது. மூன்று மாதம் பதினாறு மாதம் ஆனது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால் கோபப்பட்டாவது பொழுதைப் போக்கியிருப்பார்.

புதுவயலில் இரைச்சலுக்குக் குறைவில்லை. விடியுமுன் மில் சங்கு ஊதும், நெல் லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும், நெல் வேகும் வாடை தெருவெல்லாம் நிற்கும், உமிக்கரி பறந்து வந்து கொடியில் காயும் வேட்டியில் உட்காரும். அத்தனைக்கும் நடுவில் அவர் வீட்டில் சத்தம் இல்லை. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு மிஞ்சியது. சாப்பாட்டை அடுப்படியிலேயே நின்றுகொண்டு முடித்துவிடுவார்; ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோவது என்று. சில நாள் சாயந்திரம்தான் தெரியும், அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேண்டாத டீயை வாங்கிக் குடித்து, "சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிட்டு வருவார். அவருக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அதைப் போனில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

வேலையும் நின்றது. ஒரு தடவை போனில் வீடியோ போட்டு, மீனம்மாள் சென்னையிலிருந்தே கோடு பார்த்துச் சொல்லட்டும் என்று முயற்சி செய்தார்கள். சிக்னல் இழுத்தது. அவள் சொன்ன 'போதும்' இவர் காதுக்கு வருவதற்குள் மேசை அரை மில்லி தாண்டி, நல்ல இரும்பு ஒன்று வீணாய்ப் போனது. அதோடு மிஷினுக்கு மறுபடியும் சாக்கு ஏறியது.

மார்கழிக் கடைசியில் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. ப்ரியா வாங்கி அனுப்பியிருந்தாள். டிஜிட்டல் ரீட் அவுட் என்று பெயர். மேசை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை எண்ணாகக் காட்டும் கருவி. மிஷினின் உடம்போடு ஒரு கண்ணாடி ஸ்கேலைப் பொருத்தி, அதை ஒட்டி ஓடும் ஒரு சின்னத் தலையை மேசையோடு பொருத்தினால், அந்தத் தலை படிப்பதைப் பெட்டி பச்சை எழுத்தில் காட்டும். எண் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. பெட்டியைப் பிரித்துக் கரண்டு கொடுத்ததும் எரிந்த பூஜ்யங்களை அவரால் ஒரு சாண் தூரத்திலிருந்து படிக்க முடிந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, இனிமே கோடு பாக்க ஆள் வேணாம்ப்பா" என்றாள் ப்ரியா போனில். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

மீனம்மாள் போனை வாங்கினாள். "இங்க பாருங்க. அந்தப் பெட்டி சரியா அளவு காட்டுச்சுன்னா, ஜனனி பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் இங்குட்டே இருந்துக்கிறேன். இவளுக்கும் ஆள் இல்லாம கஷ்டமாத்தான் இருக்கு. சரிப்படலைன்னா, பங்குனித் திருவிழாவுக்கு பால்குடம் எடுக்க வர்றவ அப்படியே அங்க நின்னுக்கிறேன். பல்லவன் ரயில்ல டிக்கெட்டு போட்டாச்சு. பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்."

"பாத்துச் சொல்றேன்" என்றார்.

முப்பத்தோரு வருஷ வேலைக்காரனிடம் ஒரு கருவியைக் கொடுத்து, இது தப்பாக இருந்தால் உன் பெண்டாட்டி வீட்டுக்கு வருவாள் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நவநீதகிருஷ்ணன் செய்தது, அதைச் சரியாகப் பொருத்தியதுதான். அவருக்கு வேறு விதமாகப் பொருத்தத் தெரியாது.

நான்கு நாள் ஆனது. ஸ்கேல் கோணாமல் நிற்க வேண்டும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மயிரிழை கோணினாலும் அளவு இழுக்கும். உமிக்கரி உள்ளே போகாமலிருக்க மேலே ரப்பர் பட்டை கட்டினார். பிறகு பெட்டி சொல்வது உண்மையா என்று பார்க்கும் வேலை. அவரிடம் பழைய சிலிப் கேஜ் செட் ஒன்று இருந்தது. அளவு பிசகாமல் தேய்த்த எஃகுக் கட்டிகள். கத்தி இருக்கும் இடத்தில் ஒரு முள் டயலைப் பொருத்தி, கட்டியின் ஒரு முகத்தில் முள்ளைத் தொடவைத்துப் பெட்டியைப் பூஜ்யமாக்குவார். மேசையை நகர்த்தி அடுத்த முகத்தில் முள் அதே இடத்துக்கு வந்ததும் பெட்டி காட்டும் எண்ணைப் படிப்பார். முள்ளைப் பார்க்கப் போன் கேமராவை அதன் எதிரில் கட்டிப் பெரிதாக்கிக்கொண்டார். சுற்றுகிற கோடுகளை எண்ண அது உதவாது, ஒரு முள் நிற்கும் இடத்தைப் பார்க்கப் போதும். மத்தியானம் கூரை கொதிக்கும்போது இரும்பு நீண்டுகொள்ளும் என்று விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து, மிஷினும் கட்டியும் ஒரே குளிர்ச்சியில் இருக்கும்போது பார்த்தார்.

நூறு மில்லிக் கட்டிக்குப் பெட்டி ஒரு மில்லியில் நூற்றில் ஒன்றரைப் பங்கு குறைத்துக் காட்டியது. அதற்கென்று பெட்டிக்குள் திருத்தம் போட ஒரு இடம் உண்டு. போட்டார். நூறு நூறாக வந்தது. ஐம்பது ஐம்பதாக வந்தது. ஒரு வாரம் எந்தக் கட்டியை வைத்தாலும் சரியாக வந்தது. இவ்வளவு சுத்தமான கருவியை அவர் வேலை பார்த்த இடத்தில்கூடப் பார்த்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை வந்தது, பெருமை வந்த கையோடு, அப்படியானால் அவள் வரமாட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

முதல் வேலை மருது கொண்டுவந்தான். மருது பக்கத்து மில்லில் ஃபிட்டர், நாற்பது வயது. பாலிஷ் மிஷினில் ஒரு பூட்டுத் தகடு: இரண்டு துளை, நடுவே சரியாக அறுபது மில்லி, இரண்டு இரும்புப் பின்களின் மேல் உட்கார வேண்டும். நவநீதகிருஷ்ணன் சக்கரத்தைச் சுற்றினார். பச்சை எண் அறுபதுக்கு வந்தது. பூட்டினார், துளை போட்டார். பெட்டியில் அறுபது வந்ததைத்தான் கண்ணால் பார்த்தோமே என்ற தைரியத்தில், ஊருக்கெல்லாம் அளந்து கொடுத்த மனிதர் அன்றைக்குப் பார்த்து அளக்காமல் கொடுத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் மருது திரும்பி வந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. பின்னுல ஏறமாட்டேங்குது. சுத்தியல வச்சு ரெண்டு தட்டுத் தட்டிரவா?"

"தட்டுனா கைய ஒடிச்சுருவேன். குடு இங்குட்டு."

வெர்னியரை வைத்து, அதன் சின்ன எண்ணைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தார். அறுபதும் நூற்றில் நாலும். மில்லியில் நூற்றில் ஒரு பங்கை மிஷின்காரர்கள் பாயிண்ட் என்பார்கள். நாலு பாயிண்ட் கூடுதல். தலைமுடி கனத்தில் பாதிதான். ஆனால் இரும்புக்கு அது போதும், ஏறாது.

அவர் காது சிவந்துவிட்டது. மருதுவை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுபடியும் சிலிப் கேஜை வைத்தார். பெட்டி சரியாகக் காட்டியது. இன்னொரு தகடு போட்டார். நாலு பாயிண்ட் கூடுதல். இருபது மில்லி தூரத்தில் இரண்டு துளை போட்டார்: நாலு. நூற்றைம்பது மில்லி தூரத்தில் போட்டார்: அதே நாலு. ஸ்கேல் இழுத்தால் தூரம் கூடக் கூடத் தப்பும் கூட வேண்டும். இது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேசைப் பூட்டுதான் இறுக்கும்போது இழுக்கிறதோ என்று அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதே நாலு. பரிசோதித்தால் சரி, வேலை செய்தால் தப்பு. இப்படி ஒரு வியாதியை அவர் பார்த்ததில்லை.

சாயந்திரம் போனில் சொன்னார். "சரிப்பட்டு வரல மீனா. நாலு பாயிண்ட் கூட அடிக்குது."

"அப்படியா?" என்றாள் அவள். "அப்ப டிக்கெட்டு இருக்கட்டும்."

போனை வைத்ததும் அவருக்குச் சந்தோஷம் வந்தது. ஒளிக்க முடியாத சந்தோஷம். அடுப்படி டப்பாக்களில் வண்டு விழுந்திருந்த பருப்பைக் கொட்டி, டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தார். இரண்டாவது சிலிண்டருக்குச் சொல்லி வைத்தார். ஷெட்டில் உமிக்கரி படிந்து கிடந்த மர ஸ்டூலை ஈரத்துணியால் துடைத்து, கால் ஆடியதற்கு ஆணி அடித்து, டயலுக்கு நேராகப் போட்டுப் பார்த்தார். ஐந்து நாள் இப்படிப் போனது. ஒரு அளவு தப்பாக வருவதில் அவர் சந்தோஷப்பட்டது ஆயுளில் அதுதான் முதல் தடவை. ஆறாவது நாள் அது உறுத்த ஆரம்பித்தது. தப்பு எங்கே என்று தெரியாத ஒரு தப்பு தன் மிஷினில் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்போடு அவரால் சோறு இறக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை மீனம்மாளே வீடியோவில் கூப்பிட்டாள். ப்ரியாவுக்கு லீவு, ஜனனி அவளிடம் இருந்தாள்.

"அந்தப் பெட்டியக் காமிங்க. பதினஞ்சு நாளா சொல்றீக, இன்னும் கண்ணுல காட்டல."

போனை ஒரு மரக்கட்டையில் சாய்த்து வைத்து, ஒரு துண்டு இரும்பைக் கட்டி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். பச்சை எண் ஓடி அறுபதில் நின்றது. குனிந்து பூட்டினார்.

"பாத்தியா? அறுபதுல நிக்குது. இப்பத் தொளை போட்டா நாலு கூட இருக்கும்."

"எங்க, இன்னொரு தடவ செய்ங்க" என்றாள் அவள். "போனக் கொஞ்சம் அங்குட்டுத் திருப்புங்க. பெட்டி வேணாம், உங்க கை தெரியிற மாதிரி வைங்க."

செய்தார்.

"அந்தா! இப்பத் தள்ளுனீகள்ல?"

"என்னத்தத் தள்ளுனேன்?"

"அறுபது வந்துருச்சு. நீங்க குனியிறீக. குனியிறப்ப கை சக்கரத்த ஒரு தள்ளுத் தள்ளுது. எப்பவும் தள்ளுவீகளே, அது மாதிரி."

அவர் முகத்தைப் பெட்டியருகே கொண்டுபோனார். அறுபதும் நாலும். பூட்டிய பிறகு அந்த எண்ணை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தாயிற்று என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சிலிப் கேஜ் வைக்கும்போது பூட்டவே தேவையில்லை, அதனால் கை தள்ளவில்லை.

"எப்பவும்னா?"

"எப்பவும்னா எப்பவும்தான். நான் போதும்னு சொன்னதும் ரெண்டு கோடு தள்ளித்தான் நிறுத்துவீக. அதான் நான் ரெண்டு கோடு முந்தியே போதும்னு சொல்லிருவேன்."

அவர் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார். "நீ எப்பவும் கொஞ்சம் அவசரமாச் சொல்லிருவன்னுதான் மீனா நான் ரெண்டு கோடு தள்ளுனேன்."

"நீங்க தள்ளுறீகன்னுதான் நான் முந்திச் சொன்னேன்."

ஐந்து வருஷம். யார் முதலில் ஆரம்பித்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார், ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்புறம் சென்னையில் ஜனனி அழுதாள். "இந்தா வர்றேன்" என்று மீனம்மாள் எழுந்து போனாள். டிக்கெட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தப்பு தெரிந்துவிட்டது. இனி அதற்கு இரண்டு வழி இருந்தது. பெட்டியில் பூஜ்யம் வைக்கும்போதே நாலு பாயிண்ட் தள்ளி வைத்தால், பெட்டியும் மீனம்மாளைப் போல முந்திக்கொண்டு அறுபது காட்டும். கை தள்ளட்டும், அளவு சரியாக வரும். அரை நிமிஷ வேலை. பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். தெரிந்தே பொய் அளவு காட்டும் கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவள் முந்திச் சொன்னது வேறு. அது அவர் கையைத் தெரிந்துகொண்டு சொன்னது. பெட்டிக்கு அவரைத் தெரியாது.

அதனால் கையைத்தான் திருத்த வேண்டியிருந்தது. அது லேசில் அடங்கவில்லை. எண் வந்ததும் சக்கரத்தைச் சட்டென்று விட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். மூச்சு விட்டு, எண்ணை இன்னொரு தரம் பார்த்து, இடது கையால் மட்டும் பூட்டைத் திருகுவார். தாலுகா ஆபீசில் மனுவோடு நிற்பவரைப் போல அந்தப் பெட்டிக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு எட்டு நாள் நின்றார். ஒன்பதாம் நாள் போட்ட தகடு அறுபது. அடுத்ததும் அறுபது. மருது வந்தான், அவன் கண் முன்னால் அளந்து, வாய்விட்டுச் சொல்லி, தலையாட்ட வைத்துக் கொடுத்தார். மில்லிலிருந்து அவன் போன் பண்ணினான். "அண்ணே, சோறு மாதிரி எறங்கிருச்சு."

அன்று சாயந்திரம் மீனம்மாள் கேட்டாள். "என்னாச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அளவு விஷயத்தில் அவர் வாயில் பொய் வந்து பழக்கமில்லை.

"சரியா வந்துருச்சு."

"இன்னொரு தடவ அளந்து பாக்குறதுதான?" என்றாள்.

"மூணு தடவ அளந்துட்டேன். ஒரு பாயிண்ட் கூட இல்ல." அதில் கொஞ்சம் பெருமைகூடத் தொனித்தது.

"சரி. அப்ப ப்ரியாகிட்டச் சொல்லிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான், சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், அவள் கேட்டது அவருக்கு உறைத்தது. இன்னொரு தடவை அளந்து பாருங்க என்றாளே. ஐந்து வருஷம் அவளே அளந்தவள். அவர் அளவைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் அப்படிக் கேட்டவள் இல்லை. தப்பாக வந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள், இந்த மடையன் மூன்று தடவை அளந்ததாகச் சொல்லிப் பீற்றியிருக்கிறான். குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

மறுநாள் காலை மருதுவுக்கு இரண்டாவது தகடு. இரும்பைக் கட்டினார், முதல் துளை போட்டார், பூஜ்யமாக்கினார், சுற்றினார். ஸ்டூல் டயலுக்கு நேராகக் காலியாகக் கிடந்தது. எண் ஐம்பத்தொன்பதைத் தாண்டியது. கடைசி வளைவில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். அறுபது. சங்கு ஓய்ந்த நேரம், லாரிகூட ஓடவில்லை. அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை. யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"போதும்" என்று தானே வாய்விட்டுச் சொன்னார், அவள் சொல்வது போலக் குரலை இறக்கி.

கை தள்ளியது. எட்டு நாள் கட்டி வைத்த கை, அந்த ஒரு சொல்லுக்குக் கட்டை அவிழ்த்துக்கொண்டது. குனிந்து பார்த்தார். அறுபதும் நாலும்.

அவர் அதைத் திருத்தவில்லை. பூட்டினார், துளை போட்டார், தகட்டைக் கழற்றித் துடைத்து, வெர்னியர் வைத்து அளந்தார். பிறகு போனை எடுத்தார்.

"மீனா, நாலு பாயிண்ட் கூட அடிக்குது. அளந்துட்டுத்தான் சொல்றேன்."

"நேத்து சரியா வந்துச்சுன்னீக."

"நேத்து வந்துச்சு."

"இன்னைக்கு யாரு போதும்னு சொன்னா?"

ஐந்து வருஷம் கோடு பார்த்தவளிடம் எதை மறைப்பது? "நாந்தான் சொன்னேன்" என்றார். "யாரும் இல்ல மீனா இங்க."

பதினாறு மாதத்தில் இந்த வார்த்தையை அவர் சொன்னது அன்றைக்குத்தான். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜனனி எதையோ தட்டுகிற சத்தமும் கேட்டது.

"ஒரேடியா வர முடியாதுங்க" என்றாள். "இந்தப் பிள்ளைய விட்டுட்டு இப்ப நின்னுக்க முடியாது. பங்குனிக்கு வர்றேன். பத்து நாள் இருப்பேன். சரியா?"

அவர் ஸ்டூலைப் பார்த்தார். பத்து நாள். இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு நாள் கூட வச்சுக்கயேன்."

"தெரியும்" என்றாள் மீனம்மாள். "நீங்க ரெண்டு தள்ளுவீகன்னு தெரிஞ்சுதான் பத்துன்னேன். நேத்தே ப்ரியாகிட்டச் சொல்லி, பன்னெண்டு நாளைக்கு, போக வர டிக்கெட்டு மாத்தியாச்சு."